மறதிக்கும் நடைதான் மருந்தா?

எங்கள் அம்மாவுக்குக் கடைசி மூன்று வருடம் என் முகமே தெரியவில்லை. "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்பார். அதனால் 54 வயதில் எனக்கும் பெயர்கள் மறக்கத் தொடங்கியபோது பயம் பிடித்துக்கொண்டது. தையல்தான் என் பிழைப்பு. ஒரு ஜாக்கெட் வெட்டுவதற்குள் அளவு நோட்டை நாலு தடவை புரட்டினேன்.

டாக்டர் சர்க்கரை, பிரஷர், தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தார். "பயப்படும்படி ஒண்ணுமில்லம்மா. நாள் முழுக்க மெஷின்லயே உட்கார்ந்திருக்கீங்க. வேகமா நடங்க" என்றார்.

மூட்டுக்கு நடக்கச் சொல்வார்கள், மறதிக்குமா? படித்துப் பார்த்தேன். புது விஷயங்களை மனதில் பதியவைக்கும் மூளைப் பகதிக்கு ஹிப்போகேம்பஸ் என்று பெயர். வயதானால் அது சுருங்கும். 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 55 முதல் 80 வயதுள்ள 120 பேரில் ஒரு பாதியினர் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் நடந்தார்கள். ஒரே வருடத்தில் அந்தப் பகுதி அவர்களுக்குச் சுமார் 2 சதவிகிதம் வளர்ந்திருந்தது. கை, காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கோ சுருங்கியிருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். திருமலை நாயக்கர் வெட்டிய குளம். முதல் வாரம் ஒரு சுற்றுக்கே மூச்சு வாங்கியது. இப்போது மூன்று சுற்று. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

எட்டு மாதமாகிறது. நோட்டை ஒரு தடவை பார்த்தால் போதும், வெட்டிவிடுகிறேன். தூக்கமும் நன்றாக வருகிறது. அம்மாவுக்கு வந்தது எனக்கு வராது என்று யாரும் எழுதித்தர முடியாது. வந்த நோயை நடை விரட்டிவிடவும் செய்யாது. ஆனால், தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்று 'லான்செட்' மருத்துவ இதழ் 2024-ல் பட்டியலிட்ட 14-ல் உடலுழைப்பு இல்லாததும் ஒன்று. என் கையில் இருப்பது அதுதான்.

"வீட்டு வேலை போதாதா?" என்று கேட்கும் தோழிகளே, அதுவும் நல்லதுதான். ஆனால், அரை மணி நேரம் விடாமல் இதயம் வேகமாகத் துடிக்கும்படி நாம் பெருக்குவதில்லையே! வாரம் 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதய நோய், மூட்டுவலி இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். காலையில் அரை மணி நேரம் அடுப்பு காத்திருக்கட்டும்.