பால்கோவா, பட்டாசு, மடியில் ஒரு குழந்தை... ராஜபாளையம் டு மதுரை ஏர்போர்ட்!

ராஜபாளையத்தில் ஒரு வீடு. மறுநாள் மதுரையிலிருந்து பெங்களூருக்கு விமானம். மகள், மாப்பிள்ளை, ஒன்றரை வயதுப் பேத்தி மூவரும் கிளம்புகிறார்கள். கூடத்தில் திறந்து கிடக்கிறது பெட்டி. அம்மாச்சி ஒவ்வொன்றாக எடுத்து வருகிறார்... இட்லி அரிசி, மிளகாய்ப் பொடி, எண்ணெய் பாட்டில், இரண்டு கிலோ பால்கோவா.

"அம்மா, ஆளுக்குப் பதினஞ்சு கிலோதான்மா" என்கிறாள் மகள்.

"ஒரு கிலோ கூடுனா பிளேன் கீழே விழுந்துருமாடி?"

பொதிகை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வந்து போனவரை இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சீட்டுக்கு அடியில் எத்தனை பை தள்ளினாலும் யாரும் தராசு வைத்துக் கேட்டதில்லை. விமானம் அப்படியில்லை.

எடைக் கணக்கு

உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவர் ஒருவருக்கு செக்-இன் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. 2 வயது நிரம்பாத குழந்தை மடியில் உட்காரலாம், கட்டணம் குறைவு. ஆனால், அந்தக் குழந்தைக்குத் தனியாக லக்கேஜ் உண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் போடும்போதே பார்த்துவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழோ ஆதாரோ கையில் இருக்கட்டும். வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள்.

எடை மெஷின் வீட்டில் இருந்தால் போதும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள். வித்தியாசம்தான் பெட்டியின் எடை. கூடினால், முன்கூட்டியே ஆன்லைனில் கூடுதல் எடைக்குப் பணம் கட்டுவது கவுன்ட்டரில் கட்டுவதைவிடப் பெரும்பாலும் மலிவு.

எதை வைப்பது, எதை விடுவது?

அரிசி பெங்களூரிலும் கிடைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். அதை விட்டுவிட்டுப் போக முடியாது. கிளம்பும் அன்று வழியில் கடையில் வாங்கினால் புதிதாக இருக்கும். எத்தனை நாள் தாங்கும் என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய், ஊறுகாய் எல்லாம் இறுக்கிக் கட்டி செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

சிவகாசி பக்கத்தில் இருக்கிறதே என்று மாமா ஆசையாகக் கொடுக்கும் பட்டாசுப் பெட்டி வேண்டவே வேண்டாம். கைப்பை, செக்-இன் இரண்டிலும் அதற்குத் தடை. மத்தாப்பு, பொட்டு வெடிக்கும் இதே விதிதான். ஆண்டாள் கோயில் தேரோட்டத்தில் வாங்கிய பொம்மைத் துப்பாக்கியையும் கைப்பையில் வைக்காதீர்கள். செக்யூரிட்டியில் பிடுங்கினால் அழப்போவது குழந்தைதான்.

சத்திரப்பட்டி பக்கம் நெய்யும் மெல்லிய பேண்டேஜ் துணியை நான்கைந்து துண்டுகளாக மடித்து வைத்துக்கொள்ளலாம். எடையே இல்லை. வாய் துடைக்க, பால் கொட்டினால் ஒற்றியெடுக்க, தோளில் போட்டுத் தூங்கவைக்க உதவும்.

சாலையில் இரண்டு மணி நேரம்

ராஜபாளையத்திலிருந்து மதுரை 85 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக வந்து ரிங் ரோட்டைப் பிடித்தால், ஊருக்குள் போகாமலே ஏர்போர்ட் சேரலாம். செக்-இன் கவுன்ட்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். எனவே விமான நேரத்துக்கு நான்கரை மணி நேரம் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். வழியில் குழந்தைக்குத் துணி மாற்றவும், பால்கோவா வாங்கவும் அது போதும்.

ஏர்போர்ட்டில்...

தள்ளுவண்டி இருந்தால் கவுன்ட்டரில் சொல்லி டேக் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் விமானம் ஏறும் இடம்வரை தள்ளிப்போக விடுகிறார்கள். பயண நேரத்துக்குத் தேவையான குழந்தை உணவையும் பாலையும் செக்யூரிட்டியில் அனுமதிப்பார்கள். சோதனைக்குத் திறந்து காட்டச் சொல்லலாம். அதனால் அது பையின் மேலேயே இருக்கட்டும். மதுரைக்கு வரும் சில சிறிய ஏ.டி.ஆர் விமானங்களில் தலைக்கு மேலுள்ள லக்கேஜ் தட்டு சிறியது. குழந்தையின் பையைக் காலடியில் வைப்பதுதான் வசதி.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குக் காது அடைக்கும். அப்போது பால் கொடுங்கள். விழுங்க விழுங்க காது சரியாகும். கிளம்புவதற்கு முன்பே பாட்டிலைக் காலிசெய்துவிடாதீர்கள்.

இன்னொன்று... போகும்போது 2 வயது நிரம்பாமல் இருந்து, திரும்பும் நாளில் நிரம்பிவிட்டால், திரும்புவதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். செலவு கூடும், ஆனால் தனி சீட்டும், தனி லக்கேஜும் உண்டு.

இதைச் சொன்னதும் அம்மாச்சி அரிசிப் பையைப் பெட்டியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். "அப்போ அடுத்த ஆடிப்பூரத்துக்கு வாங்க. இவ பதினஞ்சு கிலோவுல இதைக் கொடுத்துவிடுறேன்."