காரில்லாதவருக்கும் சுங்கம்!

தேன்கனிக்கோட்டை! பெயரைச் சொல்லும்போதே நாக்கு இனிக்கிறதல்லவா? ஓசூரிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால், பேட்டராய சுவாமி கோயில் கொண்டிருக்கும் இவ்வூர் வந்துவிடும். மலையும் காடும் குளிர்ந்த காற்றும் இங்கே இலவசம். ஓசூரைத் தாண்டிப் பெங்களூருக்குப் போகும் பெருஞ்சாலைதான் இலவசமல்ல. அத்திப்பள்ளியில் சுங்கச்சாவடி வழிமறிக்கிறது.

சுங்கம் என்றாலே ஜனங்களில் இரண்டு கட்சி. "நல்ல சாலை வேண்டுமானால் காசு கொடுக்கத்தான் வேண்டும்" என்பது ஒன்று. "வண்டி வாங்கும்போதே வரி கட்டினோமே, மறுபடியும் எதற்கு?" என்பது மற்றொன்று.

ஸ்கூட்டருக்குக் கட்டணமில்லை. 2008-ஆம் ஆண்டு விதிப்படி, சாவடிக்கு 20 கிலோமீட்டருக்குள் வசிக்கும் கார்க்காரருக்கு மலிவான மாதச் சீட்டு உண்டு. அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி இரண்டு சாவடிக்குமே தேன்கனிக்கோட்டை அந்த எல்லைக்கு வெளியே! 2025 ஆகஸ்டு 15-இல், 3,000 ரூபாய்க்கு 200 தடவை கடக்கும் வருஷச் சீட்டு வந்தது. அதுவும் சொந்தக் கார்களுக்குத்தான்.

தக்காளி ஏற்றி வரும் லாரிக்கு அந்தச் சலுகை கிடையாது. அது கட்டும் சுங்கம் சாவடியோடு நின்றுவிடுமா? கறிகாய் விலையில் ஏறிக்கொண்டு, காரே இல்லாத வீட்டுச் சமையலறைக்கும் வந்து சேருகிறது.

முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். இன்று அடியோடு தவிர்க்க வேண்டாம். காய்கறி லாரிக்குக் கொஞ்சம் குறைத்தாலே போதும். ஆகவே சகோதரிகளே, வீட்டில் இந்த விவாதம் எழுந்தால் கார்க்காரர் பேச்சென்று எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் கட்சியையும் சொல்லுங்கள். கட்டணத்தில் உங்கள் பங்கும் இருக்கிறதே!