ஈரக்குலை

'ஈரக்குலை நடுங்கிற்று' என்னும் வழக்கை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அச்சத்தின் மிகுதியைக் குறிப்பது என்பதோடு என் விளக்கம் நின்றுவிடும். அண்ணனின் ஸ்கேன் அறிக்கையைப் படித்த அன்றுதான் அச்சொல்லின் பொருளை உடம்பு அறிந்தது. பெருங்குடலில் புற்று, கல்லீரலின் வலப்பக்கத்தில் மூன்று கட்டிகள், நான்காம் நிலை.

நான்குக்கு மேல் ஐந்து இல்லை. இருபது ஆண்டுகளாகச் சொல்லுக்குப் பொருள் கூறிப் பிழைக்கும் நான், அவ்வெண்ணை முற்றுப்புள்ளியாக வாசித்தேன். அறிக்கையைப் புத்தக அலமாரியில் ஒளித்துவிட்டு, குடலில் புண் என்று அண்ணனிடம் பொய் சொன்னேன். பத்து நாள்கள் வீணாயின. அண்ணிதான் கண்டெடுத்தார். "மறைச்சு வெச்சா கரைஞ்சிடுமா தம்பி?" என்றார்.

அறுவை மருத்துவர் ஒரு தாளின் பின்புறத்தில் படம் வரைந்தார். குடலின் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்கே செல்கிறது; புற்றணுக்களும் அவ்வழியே போய்த் தங்கிவிடுகின்றன. 'நான்காம் நிலை' என்பது தொலைவில் பரவியிருப்பதன் பெயர். முடிந்துவிட்டது என்பதன் பெயரன்று. கல்லீரலோடு நின்றிருந்தால், சிறுபான்மையோருக்கேனும் கட்டியுள்ள பகுதியை வெட்டி எடுக்க இயலும். குயினோ என்ற பிரெஞ்சு உடற்கூற்றியலார் 1957-இல் கல்லீரலை எட்டுக் கூறுகளாகப் பகுத்துக் காட்டினாராம். ஒவ்வொன்றுக்கும் தனி இரத்த வரத்து, தனிப் பித்தக்குழல். பகுபத உறுப்பிலக்கணம் நடத்துபவனுக்கு இது உடனே விளங்கிற்று.

குடல் கட்டியை முதலில் அகற்றினார்கள், பிறகு கீமோ. கல்லீரலின் வலப்பக்கத்தை முழுதும் எடுத்தால் எஞ்சும் இடப்பக்கம் உடலுக்குப் போதாது. ஆகவே வலப்பக்கம் செல்லும் போர்ட்டல் கிளையை முன்கூட்டியே அடைத்தார்கள். அந்த இரத்தம் இடப்பக்கம் திரும்ப, அது பருக்கத் தொடங்கியது. ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருந்தோம். "மடை மாத்தி விட்டிருக்காங்க, அவ்வளவுதானே?" என்றார் அண்ணன். விவசாயி அவர், என்னைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டார்.

அறுவை நடந்தது. பாதிப்பேருக்கு மேல் நோய் திரும்பக்கூடும், திரும்பினால் சிலருக்கு மறுபடியும் அறுக்கலாம் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் உண்டு. உறையை இப்போது அண்ணனே பிரிக்கிறார். படித்து முடித்து, என்னை ஒருமுறை முறைத்துவிட்டுத்தான் கையில் தருகிறார்.