எபியூசியோஸ்: எந்த நாளுக்கான அப்பம்?

பரமண்டல ஜெபத்தில் அப்பத்துக்கு அடைமொழியாக நிற்கும் கிரேக்கச் சொல் எபியூசியோஸ். தமிழில் ஒரு சபையார் அதை "வேண்டிய" என்கிறோம், இன்னொரு சபையார் "அனுதின" என்கிறோம். ஆனால் இந்த ஜெபத்துக்கும் அதைச் சார்ந்த எழுத்துகளுக்கும் வெளியே அந்தச் சொல் உறுதியாக எங்கும் கிடைத்ததில்லை. கிரேக்கத்திலேயே பேசி எழுதிய ஆதித் திருச்சபை அறிஞர் ஓரிகன்கூட, இது அறிஞர் எழுத்திலும் இல்லை, மக்கள் பேச்சிலும் இல்லை, சுவிசேஷகர்களே உருவாக்கியது போலும் என்றார். 1889-ல் அச்சான எகிப்தியச் செலவுக்கணக்கு ஒன்றில் இச்சொல் இருப்பதாக வெகுகாலம் நம்பினார்கள். காணாமல்போன அந்தப் பாப்பிரஸ் யேல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. திரும்ப வாசித்துப் பார்த்தால், அங்கே எழுதியிருந்தது "எண்ணெய்"!

"வரும் நாளுக்குரிய" என்பதே சரியான பொருள் என்று நினைக்கிறேன். அப்போஸ்தலர் 16:11-ல் "மறுநாள்" என்பதற்கு வரும் எபியூசே இதற்கு நெருங்கிய உறவு. புதிய ஏற்பாட்டில் சேராத எபிரேயரின் நற்செய்தியில் இங்கே "மாஹார்", அதாவது நாளைக்குரியது, என்றிருந்ததாக ஜெரோம் சொல்கிறார். அவரே மத்தேயுவின் லத்தீனில் "சாரம் கடந்த" என்ற பொருளில் மொழிபெயர்த்தார். நற்கருணையை நினைப்பவர்களுக்கு அது இனிக்கும். ஆனால் எபி என்ற முன்னொட்டோடு, சாரம் எனப் பொருள்படும் ஊசியா சேர்ந்தால் நடுவிலுள்ள இகரம் கெடுவதே வழக்கம். கெடாத சொற்களும் உண்டே என்பார்கள். எபியேகேஸ் போன்றவற்றில் அந்த இடத்தில் முன்பு ஒரு மெய்யொலி இருந்தது, ஊசியாவில் இல்லை. அப்படியானால், நாளைக்காகக் கவலைப்படாதீர்கள் என்ற இயேசு நாளைய அப்பத்தைக் கேட்கச் சொல்வாரா? கவலைப்படுவது வேறு, கேட்பது வேறு. கேட்டு ஒப்படைத்தவனுக்குத்தான் கவலை விடும். வனாந்தரத்தில் ஆறாம் நாளில் மன்னா இரண்டு பங்காகக் கிடைத்தது, மறுநாள் ஓய்வுநாளுக்கும் சேர்த்துத்தான். அதோடு, விடியற்காலையில் ஜெபிப்பவருக்கு வரும் நாள் என்பது இன்றேதான்.