ஒரு மில்லிமீட்டர்

அம்மாவுக்கு 57 வயது. கிள்ளானில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. கண் இமையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போவதாக அவர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன்.

"ஏம்மா, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

அம்மா பதில் சொல்லவில்லை. மறுவாரம் கிராப் பிடித்துத் தனியாகப் போய் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தார். மாதாமாதம் கட்டி எடுத்த கூட்டுப் பணம் கையில் இருந்தது. என்னிடம் ஒரு காசு கேட்கவில்லை.

வயது ஏற ஏற மேல் இமையின் தோல் தளர்ந்து, இமைமயிர் மேல் மடிந்து விழும். சிலருக்கு அது பார்வையின் மேற்பகுதியையே மறைத்துவிடும். அம்மாவுக்கு அந்த அளவுக்கு இல்லை. அவருடைய பிரச்சினை வேறு. காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்குமாம்: "டீச்சர், அழுதீங்களா?"

அறுவை சிகிச்சை அன்று நான்தான் காரோட்டிக்கொண்டு போனேன். எதற்காகச் செய்துகொள்கிறீர்கள் என்று மருத்துவர் இன்னொரு முறை கேட்டபோதுதான் இந்தக் கதை எனக்கே தெரிந்தது. அம்மாவை நிமிர்ந்து உட்கார வைத்து இமையில் பேனாவால் கோடு போட்டார். படுத்தால் தோல் இழுபட்டு அளவு மாறிவிடுமாம். புருவத்துக்கும் இமைமயிருக்கும் நடுவில் சுமார் 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும், அதிகம் வெட்டினால் கண் முழுதாக மூடாது என்றார். அளவு என்றதும் எனக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டான்.

என் வேலை தரக்கட்டுப்பாடு. ஸ்குடாயில் படித்த நான்கு ஆண்டுகளும் தொழிற்சாலையில் கழித்த ஐந்து ஆண்டுகளும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: வரைபடத்தில் உள்ள அளவுக்குள் இருந்தால் பாஸ், தாண்டினால் ரிஜெக்ட். மூன்று மாதம் கழித்து, வீக்கமும் கன்றலும் வடிந்து தழும்பு மடிப்புக்குள் மறைந்த பிறகு, அம்மாவைப் படம் பிடித்துக் கணினியில் பெரிதாக்கி அளந்தேன். இடது மடிப்பு வலதைவிட ஒரு மில்லிமீட்டர் தாழ்வு.

"ரெண்டும் ஒன்னா இல்லம்மா. டாக்டர்கிட்ட கேக்கணும்."

"தெரியும்டா. முன்னாடியும் அப்படித்தான் இருந்துச்சு. மொத நாளே படம் எடுத்துக் காட்டிட்டாரு. முக்காவாசிப் பேருக்கு அப்படித்தானாம். உன் கண்ணையும் அளந்து பாரேன்."

அளந்தேன். எனக்கும் அப்படித்தான்.

என்னோடு வேலை செய்யும் சீனத் தோழி ஒருத்தி இமையில் மடிப்பு வைத்துக்கொண்டவள். இரண்டு கண்ணும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருக்கும். என் கணக்கில் பாஸ். ஆனால் அவள் கேட்டது தாழ்வான மடிப்பு, கிடைத்தது உயரமான மடிப்பு. இன்றுவரை வெளியே போனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மாட்டாள்.

பிறகு தேடிப் படித்ததில் ஃபேஸ்-கியூ என்ற கேள்வித்தாள் கண்ணில் பட்டது. முகத்தில் சிகிச்சை செய்துகொண்டவர்களின் திருப்தியை அவர்களிடமே கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பிடுகிறார்கள். இமை எப்படி இருக்கிறது என்பதோடு நிற்பதில்லை. மருத்துவர் போதுமான விளக்கம் தந்தாரா, எடுத்த முடிவில் திருப்தியா என்றும் கேட்கிறது. நான் அளக்காமல் விட்டது அதைத்தான். முன்பே காட்டிய ஒரு மில்லிமீட்டர் விளக்கம். அதையே பிறகு சொல்லியிருந்தால் சாக்கு.

கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது தாதி ஒரு படிவம் கொடுத்தார். அம்மா சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். எல்லாவற்றுக்கும் நாலுக்கு நாலு.

"இப்போ பிள்ளைங்க என்ன கேக்குதுங்க?"

"ஒன்னும் கேக்கல. அதான் எனக்கு வேணும்."

பேனாவை மூடினேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"மொத தடவ தனியா வந்தேனே, அதுக்கு எங்க மார்க் போடுறது?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.