35 ஓம் குழாய்

இரண்டு யாகி ஆண்டெனாக்களை ஒரே கம்பத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிவிடலாம். அவற்றை ஒரே கேபிளுக்குக் கொண்டுவருவதில்தான் வேலையே இருக்கிறது. அந்த வேலையைப் பார்க்கத்தான் கோவை கணபதியில் ஒரு மொட்டை மாடிக்குப் போனேன். வீட்டுக்காரர் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், அமெச்சூர் ரேடியோவுக்கான ஹாம் உரிமம் உள்ளவர். சக ஹாம்கள் அவரை 'ஓஎம்' என்கிறார்கள்; ஆண்களில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அங்கே அதே அழைப்புதான்.

144 மெகாஹெர்ட்ஸுக்கான யாகிகள் இரண்டும் கிடைமட்டமாக நிற்கின்றன. நடுவே ஏறத்தாழ 3.4 மீட்டர். ஜெர்மானிய ஹாம் குந்தர் ஹோக்கின் சூத்திரப்படி வைத்த இடைவெளி அது. ஆண்டெனாவின் வீச்சுக் கோணம் குறுகினால் இடைவெளி கூட வேண்டும். இவருடைய யாகிக்குச் செங்குத்து வீச்சு 36 டிகிரி. நெருக்கி வைத்தால் இரண்டாவது ஆண்டெனாவுக்குச் செலவழித்த காசில் பாதி வீண்.

ஒவ்வொரு யாகியும் 50 ஓம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் 25. ரேடியோ எதிர்பார்ப்பதோ 50. நடுவே கால் அலைநீளத்துக்கு 35 ஓம் துண்டு ஒன்று இருந்தால் கணக்கு நேராகிவிடும். 25-ஐ 50-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண் அது. முதலில் கேபிள் டி.வி.க்காரர்களிடம் மிஞ்சிய 75 ஓம் வயரை வைத்துச் சமாளித்திருக்கிறார். வயருக்குள் சுருங்கும் கால் அலையின் ஐந்து மடங்காக, யாகிக்கு 2.13 மீட்டர். ஒவ்வொரு துண்டும் 50 ஓமை 112 ஆக்கும், இரண்டும் சேர்ந்தால் 56. அதுவே போதும்தான். ஆனால் மெல்லிய வயரில் சிக்னல் கரைவது அவருக்குப் பொறுக்கவில்லை.

அப்படித்தான் பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்குள் ரேடியோ நுழைந்தது. அங்கிருப்பவர் காலமெல்லாம் பம்பு ஷாஃப்ட் கடைந்தவர். உள்ளளவு 20 மி.மீ. உள்ள சதுர அலுமினியக் குழாய், அதன் நடுவே 12 மி.மீ. பித்தளைக் கம்பி. இந்த இரண்டு அளவுகளின் விகிதம்தான் 35 ஓமைத் தருகிறது. நீளம் அலைவரிசையைப் பார்த்து, 52 செ.மீ. ஒரு முனையில் ஒரு 'என்' வகைக் கனெக்டர், மறுமுனையில் எதிரெதிராக இரண்டு.

"ஏனுங்க, உள்ள ஒண்ணுமே இல்லீங்களே?"

"காத்துதாங்ணா. காத்துல சிக்னல் கரையாது."

கடைசல்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் கம்பி நட்டநடுவில் நிற்கிறதா என்று நான்கு பக்கமும் வெர்னியர் வைத்துப் பார்த்தபின்தான் கீழே வைத்தார். அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. கனெக்டர்களைத் திருகாணி போட்டு இறுக்க வேண்டும். பித்தளை சூட்டை இழுத்துக்கொள்ளும். சாதாரண சால்டரிங் அயர்ன் அதனிடம் தோற்றுப்போகும். கம்பியை ஊதுவிளக்கில் சூடேற்றி, ஈயம் தானாக ஓடிப் பரவும்வரை காத்திருந்தார். எந்தப் புத்தகத்திலும் படிக்காமல், ரேடியோ கேட்கிற துல்லியத்தைக் கொடுத்த கை அது. இந்தக் கைகளைப் பற்றி ஹாம்கள் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

குழாயிலிருந்து யாகிகளுக்குப் போகும் இரண்டு கேபிள்களும் ஒரே சுருளில் வெட்டியவை. சுருளுக்குச் சுருள் சிக்னலின் வேகம் சற்று மாறும். நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் 2.6 டிகிரி கட்டம் விலகும். 432 மெகாஹெர்ட்ஸில் அதே பிசகு 8 டிகிரி.

ஆண்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 1.1 காட்டியது; நல்ல பொருத்தம். நிறையப் பேர் இந்த இடத்தில் கீழே இறங்கிவிடுவார்கள். ஓஎம் இறங்கவில்லை. பல்லடத்தில் இருக்கும் நண்பர் ஒருவரை ரேடியோவில் தொடர்ந்து பேசச் சொன்னார். பிறகு எனக்குக் காட்டுவதற்காகவே, கீழ் யாகியை அதன் தண்டிலேயே அரைச்சுற்றுத் திருப்பினார். மீட்டரில் அதே 1.1. ஆனால் பல்லடத்துக் குரல் அமுங்கிப்போனது. தேர் வடத்தை ஒரு கூட்டம் முன்னும் இன்னொரு கூட்டம் பின்னும் இழுத்தது மாதிரி. இரண்டு யாகிகளிலும் உயிர்முனை ஒரே பக்கம் இருக்க வேண்டும். மாறினால் நேர் முன்திசை செத்துவிடும். இதை எஸ்.டபிள்யூ.ஆர். சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும். யாகியைப் பழையபடி திருப்பியதும் குரல் நிமிர்ந்தது.

இத்தனைக்கும் கிடைக்கிற லாபம் ஏட்டில் 3 டெசிபல், கைக்கு வருவது இரண்டரை. கிட்டத்தட்ட 1.8 மடங்கு. பேசும்போதும் கேட்கும்போதும் அது கூடவே இருக்கும்; இதற்காக உழைப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. அவருக்கு அதுவும் போதாது. நிலாவில் பட்டுத் திரும்பும் சிக்னலைப் பிடிக்க வேண்டும். இரண்டரை வினாடிப் பயணம், வழியில் 250 டெசிபல் இழப்பு. அதற்காக நோபல் பரிசு பெற்ற வானியலாளர் ஜோசப் டெய்லர் எழுதிய மென்பொருளை ஏற்கெனவே கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார். யாகிகளையும் நான்காக்க நினைக்கிறார். நான்கு சேர்ந்தால் 12.5 ஓம், நடுவே வேண்டியது 25 ஓம். அதே 20 மி.மீ. குழாய்க்குக் கம்பி 14.2 மி.மீ. அந்த அளவில் கடையில் கம்பி கிடைக்காது, 16 மி.மீ. வாங்கித்தான் கடைய வேண்டும். கடைசல்காரரிடம் போனில் சொன்னார். "முழு நீளத்துக்கும் ஒரே அளவா வரணுமுங்களா?" என்று கேட்டுவிட்டு, வியாழக்கிழமை கம்பியோடு வரச் சொன்னார் அவர்.