பைகிராஃப்ட்ஸ் ரோடும் ஒரு சிவப்பு அட்டையும்

மெட்ராஸில் பழைய புத்தகம் என்றால் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட்தான். 1900-ல் திறந்தார்கள். 1985 மே மாதம் தீக்கிரையானது. அந்த இடத்தில் இப்போது சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம். அதனாலென்ன, திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு இருக்கிறதே! (அரசாங்கப் பெயர் பாரதி சாலை. ஆட்டோக்காரருக்கு இரண்டு பெயரும் புரியும். மீட்டர் என்றால்தான் புரியாது.)

தம்பிக்குத் தெர்மோடைனமிக்ஸ் புத்தகம் தேவைப்பட்டது. பரீட்சைக்குப் பத்தே நாள். புதிதாக வாங்கினால் என் மாதக் கடைசி பட்ஜெட்டுக்கு ஜுரம் வந்துவிடும். 'சிவப்பு அட்டை, தடியா இருக்கும்ணா' என்று அங்க அடையாளம் சொல்லி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை பிளாட்பாரம் பூராவும் குனிந்து நிமிர்ந்து, உட்கார்ந்து எழுந்து... ஜிம்முக்குப் போகிறவர்கள் வீணாகக் காசு கட்டுகிறார்கள்! புத்தகம் கிடைக்கவில்லை. ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லிதான் கிடைத்தது.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர், "காஸ்ட் அக்கவுன்டிங் புஸ்தகம் ஒண்ணு வேணும் ஸார். எங்க தேடறதுன்னே தெரியலை" என்று புலம்பினார். நான் யோசிக்கவே இல்லை. "மூணாவது கடை. நீலத் தார்ப்பாய். இடது மூலையில மேலேர்ந்து நாலாவது. சிவப்பு அட்டை, முதுகுல செல்லோடேப்!" சாயங்காலமே போய் வாங்கிவிட்டார். அதன் பக்கத்தில் இருந்த மஞ்சள் அட்டைகள்? ம்ஹூம், ஒரு தலைப்பு கூட ஞாபகமில்லை.

இது என் மூளையின் தனிப்பெருமை இல்லை. வில்லியம்ஸ், ஹெண்டர்சன், ஜாக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். படக் கூட்டத்தில் குறிப்பிட்ட நிறத்தில் குறிப்பிட்ட சாமான் எத்தனை என்று எண்ணச் சொன்னார்கள். பிறகு, முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு ஞாபகப் பரீட்சை! தேடிய சாமான்கள்தான் அதிகம் நினைவில் இருந்தன. அடுத்தது, நிறத்திலோ ரகத்திலோ அதோடு ஒத்துப்போனவை. சம்பந்தமே இல்லாதவை கடைசி. ஆனால் அவற்றையும் அடியோடு மறந்துவிடவில்லை; திரும்பக் காட்டினால் ஓரளவு அடையாளம் தெரிந்தது. ஆக, கண் எல்லாவற்றையும் பார்க்கிறது. எதை எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதைத் தேடல் தீர்மானிக்கிறது.

தம்பியின் புத்தகம்? புதன்கிழமை கடைக்காரரிடம் பெயரைச் சொன்னேன். அரை நிமிஷத்தில் உருவி எடுத்துக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமையே உங்க காலடியிலதான் ஸார் இருந்துச்சு. இது வேற எடிஷன்... அட்டை நீலம்!"

பிளாட்பாரத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க: அட்டையின் நிறத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.